‘உள்ளே வரலாமா?’: ஸ்வீடன் பனியில் ஒரு வேம்பயர் குழந்தை

கேள்வி இதுதான்: “2008இல் வந்த ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்ற ஸ்வீடிஷ் படத்தைப் பார்த்தேன். திகில் படம் என்று நம்பி உட்கார்ந்தால் பாதி நேரம் பனியும் மௌனமும்தான். முடிவில் அந்த வேம்பயர் சிறுமி ஏலி, பக்கத்து வீட்டுப் பையன் ஓஸ்கரைக் காப்பாற்றுவது அன்பினாலா, இல்லை தனக்கு அடுத்த வேலையாள் வேண்டும் என்பதாலா? நடுவில் ஒரு கணம் வந்துபோகும் தழும்பு என்ன? அமெரிக்க ரீமேக்கைப் பார்த்தால் தெளிவாகுமா?”

கதையை முழுவதும் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நான் கெடுத்ததாக இருக்கக் கூடாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தந்திரம் இல்லை. ஆனால் தந்திரம் இல்லை என்பதாலேயே ஓஸ்கர் பிழைத்துக்கொண்டான் என்றும் ஆகிவிடாது. இந்தப் படத்தை ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏலியைப் பற்றிய பயம் குறைந்து, ஓஸ்கரைப் பற்றிய கவலை கூடிக்கொண்டே போகிறது.

தலைப்பிலிருந்து தொடங்கலாம், விடையில் பாதி அதில் இருக்கிறது. ஸ்வீடிஷ் மொழியில் படத்தின் பெயர் ‘லோட் டென் ரெட்டெ கொம்மா இன்’. தமிழில் சொல்வதானால் ‘சரியானவனை உள்ளே வரவிடு’. ‘விடு’ என்பது ஏவல். யாரை ஏவுகிறது? வெளியே நிற்கும் ரத்தக்காட்டேரியை இல்லை, கதவுக்கு உள்ளே நிற்கிறவனை. வீட்டுக்காரர் அழைக்காமல் வேம்பயர் வாசலைத் தாண்ட முடியாது என்ற விதி பழையது. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலிலேயே இருக்கிறது. பின்னால் வந்த பல படங்கள் அதை வசதிப்பட்டபோது எடுத்துக்கொண்டன, வசதிப்படாதபோது மறந்துவிட்டன. இந்தப் படம் மொத்தமாக அந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. பற்களைப் பற்றியோ வௌவாலைப் பற்றியோ சிலுவையைப் பற்றியோ இதற்கு அக்கறை இல்லை. யார் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பது மட்டும்தான் அக்கறை.

தலைப்பில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ‘ரெட்டெ’ என்பது ஸ்வீடிஷ் இலக்கணத்தில் ஆணைக் குறிக்கும் வடிவம். பெண்ணைச் சொல்வதானால் ‘ரெட்டா’ என்று முடியும். ஆங்கிலத் தலைப்பில் இது காணாமல் போய்விடுகிறது. தமிழில் போகாது. சரியானவனா, சரியானவளா, சரியானவரா என்று நாம் முடிவு செய்தே ஆகவேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தழும்புக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, இடத்துக்கு வருவோம். கதை நடப்பது ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே ப்ளாக்கெபெர்க் என்ற புறநகரில். 1950களின் தொடக்கத்தில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது. 1952இல் அந்தப் பக்கம் மெட்ரோ ரயில் வந்தது. மரங்களுக்கு நடுவே ஒழுங்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள், நடுவில் குழந்தைகள் விளையாட ஒரு முற்றம், நூலகம், பள்ளிக்கூடம். போருக்குப் பிந்தைய ஸ்வீடன் தன் மக்களுக்கு எல்லாம் கிடைக்கவேண்டும் என்று மனதாரக் கட்டிய ஊர்களில் ஒன்று. நாவலை எழுதிய யோன் அய்விடெ லிண்ட்க்விஸ்ட் அங்கேயே வளர்ந்தவர். 1968இல் பிறந்தவர். எழுத்தாளர் ஆவதற்கு முன்னால் மேடையில் மாயவித்தை காட்டியிருக்கிறார், ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையும் செய்திருக்கிறார். 2004இல் நாவல் வந்தது. படத்துக்கும் அவரே திரைக்கதை எழுதினார். நாவலின் காலம் 1981இன் இலையுதிர்காலம். அந்த அக்டோபரில்தான் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கார்ல்ஸ்க்ரூனா கடற்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது, நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்ற பயம் காற்றில் இருந்த நேரம். படம் கதையைக் கொஞ்சம் தள்ளிக் கடும் பனிக்குள் கொண்டுபோகிறது.

இன்னொரு விஷயமும் அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடை செய்த முதல் நாடு ஸ்வீடன். ஆண்டு 1979. பெற்றோர்கூடக் கை ஓங்கக் கூடாது. படம் நடப்பது அதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிறகுதான். அந்த நாட்டில், 12 வயது ஓஸ்கரைக் கூடப் படிக்கும் பையன்கள் பிடித்துவைத்துக் குச்சியால் விளாசுகிறார்கள். கன்னத்தில் காயம். வீட்டுக்கு வந்து, இடைவேளையில் விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்கிறான். அம்மா பதறுகிறாள், கடிந்துகொள்கிறாள், அத்தோடு முடிந்துவிடுகிறது. இதில் வரும் பெரியவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அவரவர் வீட்டுக்குள், அவரவர் வேலைக்குள் இருக்கிறார்கள். ஓஸ்கர் நிற்கும் கதவை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்தப் படத்தின் உண்மையான திகில் அங்கேதான் தொடங்குகிறது.

இயக்குநர் தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் அதற்கு முன் அதிகம் செய்தது நகைச்சுவை. அவருடைய அப்பா ஹான்ஸ் ஆல்ஃப்ரெட்சன் ஸ்வீடனில் எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவைக் கலைஞர். வேம்பயர் படங்களின் வழக்கமான உத்திகள் எதுவும் இந்தப் படத்தில் ஒட்டாமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். திடீரென்று சத்தம் போட்டுத் தூக்கிவாரிப்போட வைக்கும் வேலையே கிட்டத்தட்ட இல்லை. கொலையைத் தூரத்திலிருந்து காட்டுகிறார். சுரங்கப் பாதையின் அடியில் ஏலி முதல் ஆளைக் கொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கேமரா பக்கத்தில் போவதே இல்லை. ஒரு குழந்தை இருட்டில் உதவி கேட்கிறது, குடித்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர் இரக்கப்பட்டு அதைத் தூக்கிக்கொள்கிறார். நமக்குத் தெரிவது இரண்டு உருவங்கள், கேட்பது ஒரு உறுமல். முடிந்த பிறகு ஏலி அந்த உடம்பின் மேலேயே குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பசி தீர்ந்த திருப்தி அதில் இல்லை. எனக்கு அது அழுகையாகத்தான் பட்டது. இரக்கப்பட்டவர் செத்துப்போகிறார் என்பது அந்தக் காட்சியின் கொடுமை. ஒரு நல்ல மனிதர் தவறான ஆளை உள்ளே விட்டுவிட்டார்.

ஒளிப்பதிவு ஹொய்டெ வான் ஹொய்டெமா. ‘இன்டர்ஸ்டெல்லர்’, ‘டன்கர்க்’, ‘ஓப்பன்ஹைமர்’ பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அந்தப் பெரிய படங்களுக்கெல்லாம் முன்னால், ஒரு குடியிருப்பு முற்றத்தையும் ஒரு படுக்கையறையையும் இந்த மனிதர் எப்படிப் பார்த்தார் என்பதற்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். ஸ்டாக்ஹோமில் பனியை நம்ப முடியாது என்பதால் பெரும்பகுதியை வடக்கே லூலியோவில் எடுத்தார்கள். அங்கே குளிர் நடிப்பு இல்லை, நிஜம். மூச்சு புகையாக வருகிறது. அந்தக் குளிரில் ஏலி வெறும் சட்டையோடு நிற்கிறாள். குளிரவில்லையா என்று ஓஸ்கர் கேட்கிறான். எப்படிக் குளிர்வது என்பதே மறந்துபோயிருக்கும் என்கிற மாதிரி ஒரு பதில். அந்த ஒரு வரியில் அவளுடைய வயது முழுவதும் வந்துவிடுகிறது.

அப்புறம், ஏலியின் குரல். நடித்தவர் லீனா லியாண்டர்ஷோன் என்ற சிறுமி. ஆனால் நாம் கேட்பது அவருடைய குரல் இல்லை. எலிஃப் செய்லான் என்பவரின் கனத்த குரலை எடுத்து அதன்மேல் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கும் குரலுக்கும் ஒரு சின்னப் பொருத்தமின்மை இருந்துகொண்டே இருக்கும். ஏன் என்று தெரியாமலேயே நமக்கு உறுத்தும். அதேபோல ஓரிரு இடங்களில், கண் இமைக்கும் நேரத்துக்கு, ஏலியின் இடத்தில் வயதான ஒரு பெண்ணின் முகம் வந்துபோகிறது. பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனிக்காவிட்டாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும். தனக்கு 12 வயது, ஆனால் ரொம்ப காலமாக 12 வயதாகவே இருக்கிறேன் என்று அவள் சொல்லும்போது நாம் நம்புவதற்குக் காரணம் அந்த வசனம் மட்டும் இல்லை.

இப்போது கதவுகளைப் பாருங்கள். படம் தொடங்குவதே சன்னலில்தான். வெளியே பனி கொட்டுகிறது, கண்ணாடியில் ஓஸ்கரின் மங்கலான பிம்பம், கையைக் கண்ணாடியில் வைக்கிறான். பக்கத்து வீட்டுக்கு ஏலியும் ஹோகான் என்ற வயதானவரும் குடிவருகிறார்கள். சன்னலை அட்டை வைத்து மறைக்கிறார்கள். இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவே ஒரே சுவர். எழுத்துகளைக் குறுகிய, நீண்ட தட்டல்களாக மாற்றும் மோர்ஸ் குறியீட்டை ஓஸ்கர் எழுதிக் கொடுக்கிறான், பிறகு இருவரும் அந்தச் சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்கொள்கிறார்கள். நேரில் பேச ஆளில்லாத ஒரு பையனுக்கு, சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. இதைவிடப் பெரிய சந்தோஷம் அவன் வாழ்க்கையில் அதுவரை வந்திருக்காது.

பிரிந்துபோன அப்பாவின் வீட்டுக்கு அவன் போகும் காட்சியும் இதே விஷயம்தான். பனியில் விளையாட்டு, சிரிப்பு, மேசையில் காகிதம் வைத்து ஓர் ஆட்டம். முதல் தடவையாக ஓஸ்கர் ஒரு சாதாரணப் பையனாகத் தெரிகிறான். அப்போது அப்பாவின் நண்பர் ஒருவர் வருகிறார், உட்காருகிறார். பாட்டில் மேசைக்கு வருகிறது. அப்பாவின் முகம் மாறிவிடுகிறது. ஓஸ்கர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான், பிறகு கிளம்பிவிடுகிறான். வெளிநாட்டு ரசிகர்கள் பலர் இந்தக் காட்சியை வேறு மாதிரி, அந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவே ஏதோ உறவு என்று புரிந்துகொண்டார்கள். நாவலில் குழப்பமே இல்லை. அப்பாவின் பிரச்சினை குடி. குடிக்கிற அப்பாவோடு வளர்ந்த எவருக்கும் அந்த ஒரு பாட்டிலும் அந்த மௌனமும் போதும். எனக்கு அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. வேம்பயர் யாரும் இல்லாத காட்சி, ஆனால் இதுவும் உள்ளே விடுகிற கதைதான். அப்பா கதவைத் திறந்தது மகனுக்காக இல்லை.

ஆக உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏலி நடிக்கிறாளா என்று சோதிக்கப் படமே ஒரு காட்சியை வைத்திருக்கிறது. அவள் யார் என்று ஓஸ்கருக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே வரச் சொல்லவேண்டும் என்கிறாள். அவனுக்குக் கோபம், கொஞ்சம் குரூரமும்கூட. சொல்லாவிட்டால் என்ன ஆகும், இங்கே ஏதாவது தடை இருக்கிறதா என்று கையால் காற்றைத் துழாவிக் கிண்டல் செய்கிறான். பள்ளியில் அவனைக் கொடுமைப்படுத்தும் பையன்களின் சாயல் அந்த நேரத்தில் அவன் முகத்தில் வருவதைக் கவனியுங்கள். ஏலி ஒன்றும் சொல்லாமல் உள்ளே நுழைகிறாள். நிற்கிறாள். உடம்பு நடுங்குகிறது. கண், காது, தலை, தோல் என்று எல்லா இடத்திலிருந்தும் ரத்தம் வழிய ஆரம்பிக்கிறது. ஓஸ்கர் அலறியடித்து அவளைக் கட்டிப்பிடித்து, வா, உள்ளே வரலாம் என்கிறான்.

அழைக்காமல் நுழைந்தால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் நமக்குக் காட்டியதில்லை. வெறும் மரபு என்றுதான் நினைத்திருந்தோம். இங்கே அது உயிர்ப் பிரச்சினை என்று தெரிகிறது. ஓஸ்கர் இரண்டு நிமிடம் வீம்பாக இருந்திருந்தால் ஏலி அங்கேயே செத்திருக்கலாம். வேலையாள் தேடும் ஒருத்தி இதைச் செய்யமாட்டாள். தன்னை அடுத்தவன் கையில் முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு இன்னும் முக்கியம். நானும் உன்னைப் போலத்தான் என்கிறாள் ஏலி. நான் யாரையும் கொல்வதில்லை என்று ஓஸ்கர் மறுக்கிறான். முடிந்தால் கொல்வாய், பழிவாங்க ஆசை இருக்கிறது அல்லவா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறான். நான் கொல்வது, கொன்றே ஆகவேண்டியிருப்பதால் என்கிறாள் அவள். அவள் அவனை முதன்முதலில் பார்த்தபோது ஓஸ்கர் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நினைவிருக்கிறதா? இருட்டில் தனியாக, கத்தியால் ஒரு மரத்தைக் குத்திக்கொண்டிருந்தான். வீட்டில் கொலைச் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிற பையன் அவன். ஏலி வருவதற்கு முன்பே அந்தக் கத்தி அவன் கையில் இருந்தது.

இதற்கு எதிரான சாட்சி ஹோகான். அவரை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காட்டில் ஒரு இளைஞனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஏலிக்காகக் கேனில் ரத்தம் பிடிக்கிறார். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாமல், ஒரு வெள்ளை நாய் வந்து நின்று பார்த்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறார். இரண்டாவது முயற்சியில் மாட்டிக்கொள்ளும்போது, தன் மூலமாக ஏலியைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தன் முகத்திலேயே அமிலத்தை ஊற்றிக்கொள்கிறார். அதற்கு முன் ஏலியிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: இன்று ராத்திரி அந்தப் பையனைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஏலி அவர் கன்னத்தைத் தொடுகிறாள். மருத்துவமனையின் உயர்ந்த மாடி சன்னலுக்கு வெளியே ஏலி தொற்றி நிற்கும்போது, பேச முடியாத அந்த மனிதர் கழுத்தை நீட்டிக் கொடுக்கிறார். அவரும் சன்னல் வழியாகத் தன்னையே திறந்துவிட்டவர்தான். 40 வருடம் கழித்து ஓஸ்கர் இப்படித்தான் முடிவானா என்று உங்களுக்குத் தோன்றினால் அது தப்பில்லை, அந்த நினைப்பு நமக்கு வரவேண்டும் என்றுதான் அந்தக் கன்னத்தைத் தொடும் காட்சி இருக்கிறது.

ஆனால் ஹோகானின் பின்கதையைப் படம் சொல்லவே இல்லை. நாவல் சொல்கிறது, அது வேறு கதை. அங்கே அவர் ஏலியோடு சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவர் இல்லை. பெரியவராக, குழந்தைகள் மீது தகாத ஆசை கொண்டவராக, வேலை போய் வீதிக்கு வந்த பிறகு ஏலியைச் சந்தித்தவர். ஏலிக்கு அவர்மேல் அன்பு கிடையாது, ஒரு பேரம்தான். திரைக்கதையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் நாம் ஓஸ்கரின் எதிர்காலத்தைப் போட்டுப் பார்க்கிறோம். எடுத்தது சரி என்றுதான் நான் சொல்வேன். இருந்திருந்தால் படம் ஹோகானைப் பற்றியதாக மாறிவிட்டிருக்கும்.

தழும்பு. ஏலி உடை மாற்றும்போது கதவிடுக்கில் ஓஸ்கர் பார்த்துவிடும் அந்த ஒரு கண ஷாட், அறுத்துத் தைத்தது போன்ற ஒரு பழைய காயத்தைக் காட்டுகிறது. அதற்கு நாவலில் முழு விளக்கம் இருக்கிறது. சுமார் 200 வருடங்களுக்கு முன் ஏலி, ஏலியாஸ் என்ற பெயருள்ள ஏழை வீட்டுச் சிறுவன். வேம்பயராக இருந்த ஒரு பிரபுவின் கையில் சிக்கி, ஆண் உறுப்பு அறுக்கப்பட்டவன். நான் பெண்ணாக இல்லாவிட்டாலும் உனக்குப் பிடிக்குமா என்று ஏலி கேட்பது இதைத்தான். ஓஸ்கர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, பிடிக்கும் என்று நினைக்கிறேன் என்கிறான். தலைப்பில் இருக்கும் ‘சரியானவன்’ இப்போது புரியும்.

நான் இதுவரை ‘அவள்’ என்றே எழுதிவந்திருக்கிறேன், ஓஸ்கர் அப்படிப் பார்ப்பதால். ஆனால் இந்தப் படத்தைத் தமிழில் பேசுவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. நம் மொழியில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும், அது சிக்கல்தான். ஆனால் குழந்தை என்று சொல்லிவிட்டால் ‘குழந்தை வந்தது, குழந்தை அழுதது’ என்று சொல்லலாம். யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. அந்த ‘அது’வில் வாஞ்சைதான் இருக்கிறது. ஸ்வீடனில் ஆணா பெண்ணா என்று சொல்லாத ‘ஹென்’ என்ற சொல் 2015இல்தான் அவர்களுடைய அகாதமியின் சொற்பட்டியலில் ஏறியது. படம் அதற்கு ஏழு வருடம் மூத்தது. ஏலிக்கு நான் கொடுக்க விரும்பும் சொல், நம் வீடுகளில் சொல்லும் அந்த ‘அது’.

ரீமேக் பற்றிக் கேட்டீர்கள். 2010இல் மாட் ரீவ்ஸ் எடுத்தார். கதை அமெரிக்காவில் நியூ மெக்சிகோவுக்குப் போனது, ஆண்டு 1983. கெட்ட படம் இல்லை, கார் விபத்துக் காட்சி ஒன்று அசத்தலாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்து மூலப் படத்தைப் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் அது பதிலை எழுதிக் கொடுத்துவிடுகிறது. சிறுமியோடு இருக்கும் வயதான மனிதர், சின்னப் பையனாக இருந்தபோது அதே சிறுமியோடு எடுத்துக்கொண்ட ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டிவிடுகிறார்கள். உங்களுடைய ‘அடுத்த வேலையாள்’ சந்தேகம் அங்கே உறுதியாகிவிடுகிறது. தழும்பும் கிடையாது. மூலப் படத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில், இது கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் லிண்ட்க்விஸ்ட்டே ஒரு சிறுகதை எழுதினார். பெயர் ‘பழைய கனவுகள் சாகட்டும்’ என்ற பொருளில் வரும். ஓஸ்கர் காணாமல்போன வழக்கைப் பல வருடங்களாக மனதில் சுமக்கும் வேறு இரண்டு மனிதர்கள் வழியாகப் போகும் கதை. அதன்படி ஓஸ்கர் கிழவனாகவில்லை, அவனும் ஏலியைப் போலவே ஆகிவிட்டான் என்று தெரிகிறது. எழுதியவரே சொன்ன பதில் என்பதால் சிலர் அதோடு விஷயம் முடிந்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் தன் கடைசி ஃப்ரேமில் எதைத் திறந்து வைத்ததோ, அது திறந்தே இருக்கிறது. நாவலாசிரியரோ ரீமேக்காரரோ அதைச் சாத்த முடியாது.

குறைகளும் உண்டு. ஏலி கடித்த விர்ஜீனியா என்ற பெண் மேல் பூனைகள் பாயும் காட்சியில் கணினிப் பூனைகள் பொம்மை மாதிரிதான் இருக்கின்றன. அந்த இரண்டு நிமிடம் படம் தன் குரலை இழந்துவிடுகிறது. ஆனால் அதே விர்ஜீனியா, தான் என்னவாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சன்னல் திரையை விலக்கச் சொல்கிறாள். வெயிலை உள்ளே விடச் சொல்கிறாள். கட்டில் பற்றி எரிகிறது. அவளும் தனக்குச் சரியானதைத்தான் உள்ளே விட்டாள்.

இனி ஓஸ்கர் எப்போது கைநழுவிப் போகிறான் என்று பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் நீச்சல் குளக் காட்சியைச் சொல்வார்கள். நான் அதற்கு முந்தையதைச் சொல்வேன். விர்ஜீனியாவின் காதலன் லாக்கெ, பழிவாங்க ஏலியின் வீட்டுக்கு வருகிறார். குளியலறையில், தொட்டிக்குள் ஏலி தூங்குகிறாள். கத்தியைத் தூக்கும் நேரத்தில் ஓஸ்கர் கத்திவிடுகிறான், ஏலி விழித்துக்கொள்கிறாள். பிறகு நடப்பதை ஓஸ்கர் பார்க்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறான். அந்த மனிதர் சாகும் சத்தம் கேட்கிறது. இவ்வளவு நேரம் யார் கதவைத் திறப்பார்கள் என்று காத்திருந்த பையன், இங்கே தன் கையாலேயே ஒரு கதவைச் சாத்துகிறான். லாக்கெ கெட்டவர் இல்லை. ஏலி முதலில் கொன்ற நண்பனையும், பிறகு காதலியையும் அடுத்தடுத்து இழந்த, பாவப்பட்ட மனிதர். ஓஸ்கருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சாத்தியிருப்பான் என்பதுதான் எனக்கு பயம்.

அதன் பிறகு ஏலி போய்விடுகிறாள். இதையும் உங்கள் சந்தேகத்தோடு சேர்த்து எடைபோடுங்கள். ஹோகான் செத்துப்போயிருக்கிறார், ஆள் தேவைப்படும் நேரம் அதுதான். அப்போது ஓஸ்கரைக் கூப்பிடாமல், அவனை விட்டுவிட்டு டாக்சியில் ஏறிப் போகிறாள். திரும்பி வருவது அவன் தண்ணீருக்கடியில் இருக்கும்போது.

நீச்சல் குளம். பள்ளியில் கொடுமைப்படுத்தும் பையனின் அண்ணன் ஜிம்மி, ஓஸ்கரின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்துகிறான். மூன்று நிமிடம் தம்பிடித்தால் ஒரு கீறலோடு விட்டுவிடுவேன், இல்லாவிட்டால் ஒரு கண்ணைப் பிடுங்கிவிடுவேன் என்கிறான். கேமரா ஓஸ்கரோடு தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடுகிறது. மேலே நடக்கும் கொலைகள் நமக்கு மங்கலான சத்தமாகத்தான் வருகின்றன. கண்ணாடி உடைகிறது, யாருடைய கால்களோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இழுபட்டுப் போகின்றன. ஒரு தலை விழுகிறது. ஓஸ்கரின் முடியைப் பிடித்திருந்த கை, உடம்பில்லாமல் மெல்லக் கீழே இறங்குகிறது. எல்லாமே நிதானமாக, கிட்டத்தட்ட அழகாக நடக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு ஒரு கை அவனைத் தூக்குகிறது. அவன் கண்ணைத் திறந்து சிரிக்கிறான். நாமும் சிரித்துவிடுகிறோம். அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்பதைப் படம் மறைக்கவில்லை. அடுத்த ஷாட்டில் குளத்தங்கரையில் சிதறிக் கிடக்கும் சிறுவர்களையும், ஒரு ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு அழும் ஒரே ஒரு பையனையும் காட்டுகிறது. அவன் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களிலேயே கொஞ்சம் இளகிய மனசுக்காரன்.

கடைசியில் ரயில். பகல் வெளிச்சம், ஓஸ்கர் தனியாக உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் பெரிய பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வருகிறது. அவனும் பெட்டியைத் தட்டுகிறான். சப்டைட்டிலில் இதற்கு மொழிபெயர்ப்பு கிடையாது. அந்தத் தட்டல் சொல்வது ‘புஸ்’. ஸ்வீடிஷில் சின்ன முத்தம் என்று பொருள். போனை வைக்கும் முன்பும் கடிதத்தின் கடைசியிலும் வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சாதாரண வார்த்தை. அம்மா தூங்கப்போகும் பிள்ளைக்குச் சொல்கிற வார்த்தை.

அடுத்த முறை பார்க்கும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மோர்ஸில் ‘புஸ்’ஸின் முதல் எழுத்தான ‘பி’ (P) என்பது குறில், நெடில், நெடில், குறில்.